இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது: சொலிசிட்டரைப் பிடிப்பது முதல் சாவி கைக்கு வரும்வரை

விலை பேசி முடிந்து, ஏஜென்ட் வாழ்த்துச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியதும் வீடு கிடைத்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். இந்நாட்டுச் சட்டப்படி அந்த நேரத்தில் உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒப்பந்தங்கள் கைமாறும் நாள், அதாவது எல்லோரும் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று சொல்லும் நாள் வரும்வரை விற்பவர் கூடுதல் விலைக்கு வேறொருவரிடம் போகலாம், நீங்களும் விலகலாம். யாரும் யாருக்கும் நட்டஈடு தரத் தேவையில்லை. ஆனால் அதற்குள் நீங்கள் சர்வேக்கும் (வீட்டின் நிலையைப் பரிசோதிப்பது) தேடல்களுக்கும் (கவுன்சில் போன்ற இடங்களிலிருந்து வீட்டைப் பற்றி எடுக்கும் தகவல்) கட்டிய காசு திரும்பி வராது. அதனால் இந்த இடைவெளியை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குவதுதான் வாங்குபவரின் வேலை. அதற்குத் தேவையான தாள்களில் பெரும்பாலானவற்றை வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே திரட்டி வைத்துவிடலாம்.

கீழே உள்ளவை இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொருந்தும். வேல்சில் முத்திரை வரியும் சில கட்டட விதிகளும் வேறு. ஸ்கொட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு என்பதால் அங்கே வாங்குகிறவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

1. வீட்டுக்கு முன் சொலிசிட்டர்

வீடு மாற்றும் சட்ட வேலையைச் செய்ய இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒன்று சொலிசிட்டர். இவர்களைக் கண்காணிப்பது சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதோரிட்டி. மற்றது லைசன்ஸ்டு கன்வேயன்சர். இவர்களுக்குக் கவுன்சில் ஃபார் லைசன்ஸ்டு கன்வேயன்சர்ஸ். சாதாரண வீடு வாங்க இரண்டு பேரும் தகுதியானவர்களே. மணமுறிவு, உயில், கூட்டுக் குடும்பச் சொத்து போன்ற சிக்கல் ஏதாவது கலந்திருந்தால் சொலிசிட்டர் நல்லது.

நிறுவனத்தின் பெயரை அந்தக் கண்காணிப்பு அமைப்பின் இணையப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டிப் பார்ப்பது தேடியதாகாது, போலி இணையத்தளங்கள் உண்டு. பிறகு தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள்:

- நான் கடன் எடுக்கப்போகும் வங்கியின் பெனலில் (வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர் பட்டியலில்) நீங்கள் இருக்கிறீர்களா? இல்லையென்றால் வங்கி தனக்கென்று வேறு சொலிசிட்டரை வைக்கும், அந்தச் செலவும் தாமதமும் உங்கள் தலையில்.
- என் கோப்பைப் பார்க்கப்போவது யார், அவர் விடுமுறையில் போனால் யார்?
- லோ சொசைட்டியின் கன்வேயன்சிங் குவாலிட்டி ஸ்கீம் சான்று இருக்கிறதா? பல வங்கிகள் இதை எதிர்பார்க்கின்றன.
- சொன்ன தொகைக்குள் லீஸ்ஹோல்ட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை) கட்டணம், கிஃப்ட் காசு கட்டணம், லைஃப்டைம் ஐசா (அரசு ஊக்கத்தொகை சேரும் சேமிப்புக் கணக்கு) கட்டணம், முத்திரை வரிப் படிவக் கட்டணம் எல்லாம் அடங்குகிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆறு நூறு பவுணுக்கு வேலை முடிப்பதாக விளம்பரம் செய்கிறவர்கள் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகக் கூட்டி, கடைசியில் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 2018 டிசம்பரிலிருந்து சொலிசிட்டர் நிறுவனங்கள் வீடு மாற்றும் வேலைக்கான விலை விவரத்தைத் தங்கள் தளத்தில் போட்டாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்கென்று எழுத்தில் ஒரு முழுக் கணக்கை வாங்குங்கள். தொகையோடு 20 சதவீத வாட் வரியைச் சேர்த்துப் பார்க்க மறக்காதீர்கள்: 1,200 என்றால் கையை விட்டுப் போவது 1,440.

ஏஜென்ட் ஒரு சொலிசிட்டரைச் சொல்லி, அவரிடம் போனால்தான் வேலை வேகமாக நடக்கும் என்பார். அப்படி அனுப்பி வைப்பதற்கு ஏஜென்டுக்குத் தரகு போகிறது, சில நேரம் சில நூறு பவுண். அதை உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது, கேளுங்கள். அவர் சொன்ன ஆளிடம்தான் போக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

தமிழ் பேசும் சொலிசிட்டர் கிடைத்தால் அம்மா, அப்பாவுக்கு விளக்கிச் சொல்ல வசதிதான். ஆனால் மேலே உள்ள கேள்விகளை அவரிடமும் கேட்டே ஆக வேண்டும். விற்பவரும் தமிழராக இருந்து, அவரும் அதே அலுவலகத்துக்குத்தான் போகிறார் என்றால் நீங்கள் வேறு இடம் பாருங்கள். இருவரின் நலனும் மோதும் இடம் அது.

‘விற்பனை முடியாவிட்டால் கட்டணம் இல்லை’ என்பது சொலிசிட்டரின் உழைப்புக்கூலிக்கு மட்டுமே. தேடல்களுக்குக் கட்டிய 300, 400 பவுண் போனது போனதுதான்.

2. காசு எங்கிருந்து வந்தது?

தமிழ்க் குடும்பங்களின் கோப்புகள் அதிகம் தேங்கி நிற்கும் இடம் இது. 2017-ஆம் ஆண்டு பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, நீங்கள் போடும் டெபாசிட் எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொலிசிட்டர் உறுதிப்படுத்தியாக வேண்டும். ‘என் கணக்கில் 60,000 இருக்கிறது, இதோ ஸ்டேட்மென்ட்’ என்றால் போதாது. அந்த 60,000 எந்தெந்த வழியில் வந்து சேர்ந்தது என்று கேட்பார்கள்.

முன்கூட்டியே திரட்ட வேண்டியவை: எல்லாக் கணக்குகளுக்கும் குறைந்தது ஆறு மாத ஸ்டேட்மென்ட், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி60 (ஆண்டுச் சம்பளமும் வரியும் காட்டும் தாள்), சொந்தத் தொழிலென்றால் வரிக் கணக்கு. பெரிய தொகை ஏதாவது உள்ளே வந்திருந்தால் அதன் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் அதற்கான ஆதாரமும் வைத்துவிடுங்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய காசு என்றால் இரண்டு கணக்கின் தாளும் வேண்டும்.

கிஃப்ட் காசு: பெற்றோரோ சகோதரரோ தருகிறார்கள் என்றால், அது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை, வீட்டில் உரிமை கோரமாட்டேன் என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தருபவரின் பாஸ்போர்ட், முகவரிச் சான்று, அவருக்கு அந்தக் காசு வந்த வழி ஆகியவையும் கேட்கப்படும். உண்மையில் மாதாமாதம் திருப்பிக் கொடுக்கப்போகும் கடனை ‘கிஃப்ட்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அது வங்கியை ஏமாற்றுவது. குடும்பத்துக்குள் பிணக்கு வந்தால் அந்தக் கடிதமே கொடுத்தவரின் கையைக் கட்டிவிடும்.

சீட்டுக் காசு: கையில் கையாய்க் கட்டி, கையில் கையாய் எடுத்த சீட்டை எந்தச் சொலிசிட்டராலும் உறுதிப்படுத்த முடியாது. எடுத்த தொகையை ரொக்கமாக வங்கியில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவணையையும் வங்கி வழியாகக் கட்டுங்கள், சீட்டு எடுக்கும்போதும் வங்கி வழியாகவே வாங்குங்கள், எத்தனை பேர், மாதம் எவ்வளவு, யார் எப்போது எடுத்தார்கள் என்ற பட்டியலைச் சீட்டு நடத்துபவரிடம் எழுதி வாங்குங்கள். அப்படியிருந்தும் சில அலுவலகங்கள் ஏற்காது. அதனால் கோப்பு திறக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு வெளிவந்தால் மறைத்ததுபோல் ஆகிவிடும்.

ஊரில் காணி விற்ற காசு: உறுதி அல்லது விற்பனைப் பத்திரத்தின் நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, விற்ற காசு வங்கியில் விழுந்த தாள், அங்கிருந்து இங்கே வந்த தாள் நான்கும் சங்கிலிபோல் இணைய வேண்டும். உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு மாற்றும் முறை) வழியாக வந்தால் சங்கிலி அறுந்துவிடும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளியே அனுப்பக்கூடியது 2,50,000 அமெரிக்க டாலர் வரைதான், வங்கி கேட்கும் படிவங்களுக்கும் நேரமெடுக்கும். காசை இரண்டு மாதம் முன்பே கிளப்புங்கள்.

பெயர்ச் சிக்கலையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னால், வங்கியில் முதலெழுத்து மட்டும், ஊர்ப் பத்திரத்தில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்பதற்கான உறுதிமொழித் தாளைச் சொலிசிட்டர் கேட்பார். கடன் விண்ணப்பம், ஒப்பந்தம், நிலப் பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து போடுங்கள்.

சொலிசிட்டர் திடீரென்று மௌனமாகிவிட்டால் கோபப்படாதீர்கள். சந்தேகத்தை மேலிடத்துக்கு அறிவித்திருந்தால் அதை உங்களிடம் சொல்வதே அவருக்குக் குற்றம்.

3. முத்திரை வரி: ஊரில் இருக்கும் வீடும் கணக்கில் வரும்

2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் வீட்டு விலையின் முதல் 1,25,000 பவுணுக்கு வரி இல்லை. அடுத்து 2,50,000 வரைக்கும் உள்ள பகுதிக்கு 2 சதவீதம், அதிலிருந்து 9,25,000 வரைக்கும் 5 சதவீதம். முதல் வீடு வாங்குகிறவருக்கு 3,00,000 வரை வரியே இல்லை, 3,00,000 முதல் 5,00,000 வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம். விலை 5,00,000-ஐ ஒரு பவுண் தாண்டினாலும் இந்தச் சலுகை முழுதாகப் போய்விடும். 5,00,000-க்கு வாங்கினால் வரி 10,000. 5,05,000-க்கு வாங்கினால் 15,250. அந்த எல்லைக்கருகே விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

முதல் வீடு என்றால் உலகத்தில் எங்கேயும் முன்பு வீடு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடு, கும்பகோணத்தில் அப்பா இறந்தபின் வந்த பங்கு, விற்றுத் தீர்த்த பழைய அடுக்ககம் எல்லாமே கணக்கில் வரும். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே முதன்முறையாக வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும். வீடில்லாத வெறும் காணி இதில் சேராது. இடிந்த வீடு நிற்கும் காணி என்றால் சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய அடி, கூடுதல் வீட்டுக்கான மேல்வரி. வாங்கும் நாள் முடியும்போது உங்களுக்கு வேறெங்காவது 40,000 பவுணோ அதற்கு மேலோ பெறுமதியான வீட்டுப் பங்கு இருந்து, இப்போது வாங்குவது நீங்கள் குடியிருந்த வீட்டை விற்றதற்குப் பதிலாக வாங்குவதாக இல்லாவிட்டால், முழு விலைக்கும் 5 சதவீதம் கூடும். இந்த வீதம் 2024 அக்டோபர் 31 முதல். கணவன், மனைவி ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் மற்றவரின் வீடு கணக்கில் வரும். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரிசாக வந்த பங்கு பாதிக்கு மேற்படாவிட்டால் அது விலக்கு.

4,50,000 பவுண் வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வீடென்றால் வரி 7,500. முன்பு வீடிருந்து இப்போது இல்லையென்றால் 12,500. ஊரில் வீடு இருக்கிறதென்றால் 35,000. கடைசித் தொகையைக் கம்ப்ளீஷனுக்கு (மீதிக் காசு கட்டிச் சாவி வாங்கும் நாளுக்கு) ஒரு வாரம் முன்பு கேள்விப்பட்டால் எங்கிருந்து திரட்டுவீர்கள்?

ஊரில் நீங்கள் குடியிருந்த சொந்த வீட்டை இங்கே வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மேல்வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் கட்டித்தான் ஆக வேண்டும்.

புதிதாக வந்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வாங்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாட்கள் இந்த நாட்டில் இருந்திருக்காவிட்டால் இன்னும் 2 சதவீதம் சேரும். சேர்ந்து வாழும் கணவன், மனைவியில் ஒருவர் அந்த நாட்களை நிரப்பியிருந்தால் போதும். வீசா கிடைத்து நான்கு மாதத்தில் வீடு வாங்க ஓடாமல், இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் மிச்சமாகும் காசு இது.

பல சொலிசிட்டர்கள் தங்கள் கடிதத்தில் ‘வரி ஆலோசனை தருவதில்லை’ என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் சொல்லாத ஊர்ப் பங்கை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். தவறான படிவத்துக்கு அபராதம் கட்டப்போவது கையெழுத்திட்ட நீங்கள்தான்.

4. யார் பெயரில்?

நிலப் பதிவேட்டில் அதிகபட்சம் நான்கு பெயர்கள். இருவர் வாங்கும்போது ஒரு கேள்வி வரும்: ‘ஜோயின்ட் டெனன்ட்ஸா, டெனன்ட்ஸ் இன் கொமனா?’ முதலாவதில் ஒருவர் இறந்தால் வீடு தானாகவே மற்றவருக்குப் போகும், உயில் எழுதியிருந்தாலும் அது பயன்படாது. இரண்டாவதில் அவரவர் பங்கு தனித்தனி, உயில்படி போகும். ஒருவரின் பெற்றோர் 80,000 போட்டு மற்றவர் ஒன்றும் போடாத நிலையில் இரண்டாவதைத் தேர்ந்து, யார் எவ்வளவு போட்டார் என்று ‘டிக்ளரேஷன் ஒஃப் டிரஸ்ட்’ எழுதுங்கள். சில நூறு பவுண் ஆகும். வாய்ப்பேச்சை நம்பி இதை விட்டுவிட்ட குடும்பங்கள் பின்னால் வழக்கறிஞருக்குக் கொட்டும் காசோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

கிரெடிட் சரியில்லை என்று மச்சான் பெயரில் கடன் எடுத்து, காசை நீங்கள் கட்டி, வீட்டில் நீங்கள் இருப்பது வேண்டவே வேண்டாம். வங்கியிடம் யார் குடியிருப்பார், யார் கட்டுவார் என்று பொய் சொல்லும் மோசடி அது. மச்சானின் முதல் வீட்டுச் சலுகையும் போய்விடும், அவருக்கு மணமுறிவோ கடன் முறிவோ வந்தால் உங்கள் வீடு அவர் சொத்தாகவே பார்க்கப்படும். ஓரிரு ஆண்டு பொறுத்துக் கிரெடிட்டைச் சரிசெய்வது மலிவு.

உங்களோடு குடியிருக்கப்போகும் வயது வந்த பிள்ளை, பெற்றோர் எல்லோரும் ‘வங்கியின் உரிமைக்குப் பிறகுதான் என் உரிமை’ என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அம்மா அப்போது ஊருக்குப் போயிருந்தால் கோப்பு அப்படியே நிற்கும்.

5. தேடல்களும் சர்வேயும்

சொலிசிட்டர் வீட்டை வந்து பார்க்க மாட்டார். அவர் பார்ப்பது தாளை. வீட்டைப் பார்ப்பவர் சர்வேயர். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காக மட்டுமே பார்க்கிறார், சில நேரம் கணினியிலிருந்தே மதிப்பிடுகிறார். அதை சர்வே என்று நம்பி ஏமாறாதீர்கள். ஆர்ஐசிஎஸ் (சர்வேயர்களின் தொழில் அமைப்பு) உறுப்பினரிடம் சாதாரண வீட்டுக்கு லெவல் 2 சர்வே, பழைய விக்டோரியன் வீட்டுக்கும் பெரிதாக மாற்றிக் கட்டிய வீட்டுக்கும் இன்னும் விரிவான லெவல் 3 எடுங்கள்.

தாள் பக்கத்தில் வழக்கமான தேடல்கள் மூன்று: கவுன்சில் தேடல், தண்ணீர் மற்றும் கழிவுநீர்த் தேடல், சுற்றுச்சூழல் தேடல். வட இங்கிலாந்து, வேல்ஸ் நிலக்கரிப் பகுதிகளில் சுரங்கத் தேடலும் சேரும். கவுன்சில் தேடல் சில இடங்களில் ஒரு வாரத்தில் வரும், சில இடங்களில் ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் பெரும்பாலான வங்கிகள் ஏற்காது, திரும்பக் காசு கட்டிப் புதிதாக எடுக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று: கவுன்சில் தேடல் நீங்கள் வாங்கும் வீட்டைப் பற்றி மட்டும் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்ப விண்ணப்பித்திருந்தால் அதில் வராது. கவுன்சிலின் திட்ட அனுமதித் தளத்தில் தெருப் பெயரைப் போட்டு நீங்களே பாருங்கள், இலவசம்.

விற்பவர் நிரப்பும் டிஏ6 என்ற வீட்டு விவரப் படிவத்தை வரிக்கு வரி படியுங்கள். எல்லைத் தகராறு, அயலாரோடு சண்டை, வெள்ளம், ஜப்பானிய நொட்வீட் என்ற படர்ந்து சேதம் செய்யும் செடி எல்லாம் அதில் இருக்கும். ‘தெரியாது’ என்று போட்ட இடங்களில்தான் கேள்வி கேட்க வேண்டும். டிஏ10 படிவத்தில் அடுப்பு, திரைச்சீலை, தோட்டக் கொட்டகை எது நிற்கும் எது போகும் என்றிருக்கும்.

நிலப் பதிவேட்டின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கார் நிறுத்துமிடம் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிறதா? பின் சந்து வழியாகப் போக உரிமை எழுதியிருக்கிறதா? சொலிசிட்டருக்குத் தெரிய வழியில்லாத விஷயம் இது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

6. அனுமதியில்லாத கட்டடங்கள்

லண்டனின் ஹரோ, வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம் பக்கம் பின்தோட்டத்தில் ஓர் அறை, மேலே லொஃப்ட் அறை, பின்னால் நீட்டிய சமையலறை இல்லாத வீடு குறைவு. இரண்டு வேறு அனுமதிகள் உண்டு: திட்ட அனுமதி, கட்டட விதிச் சான்று. ‘திட்ட அனுமதி தேவையில்லாத அளவுதான்’ என்று விற்பவர் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் கட்டட விதிச் சான்று அப்போதும் வேண்டும். அந்தச் சான்று இல்லாத லொஃப்ட் படுக்கையறை ஆகாது. தீப்பிடித்தால் தப்பும் வழியும், தரைத் தாங்கும் பலமும் யாராலும் சரிபார்க்கப்படவில்லை என்று பொருள். மூன்று அறை வீட்டுக்கு நான்கு அறை விலை கொடுக்காதீர்கள்.

அனுமதியில்லாத கட்டுமானத்தை நான்கு ஆண்டு கழித்துக் கவுன்சில் தொட முடியாது என்ற பழைய கணக்கு இங்கிலாந்தில் மாறிவிட்டது. 2024 ஏப்ரல் 25 முதல் முடித்த வேலைகளுக்குப் பத்து ஆண்டுகள்.

விற்பவரின் தரப்பு ‘இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்’ என்று சொல்லும். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் ஏற்படும் நட்டத்துக்கு மட்டும் அது ஈடு. கூரை சரிந்தால் ஈடு இல்லை. இதை வாங்கும் யோசனை இருந்தால், அதற்கு முன் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து விசாரிக்காதீர்கள். ஒரு கேள்வி கேட்டாலே அந்தக் காப்புறுதி கிடைக்காமல் போகலாம். சந்தேகமிருந்தால் சர்வேயரை அனுப்புங்கள்.

2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய ஜன்னல்களுக்கு ஃபென்சா (ஜன்னல் பொருத்துவோரின் பதிவுத் திட்டம்) சான்றோ கவுன்சில் சான்றோ, 2005-க்குப் பிறகு செய்த பெரிய மின்வேலைக்குச் சான்று, கேஸ் பொயிலருக்கு கேஸ் சேஃப் சான்று என்று கேட்டு வாங்குங்கள்.

7. ஃப்ளாட் என்றால்

ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட். நீங்கள் வாங்குவது இத்தனை ஆண்டுக்கு இருக்கும் உரிமை. முதல் கேள்வி, லீஸில் இன்னும் எத்தனை ஆண்டு? 80-க்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிக்கும் செலவு எகிறும், ‘மேரேஜ் வேல்யூ’ என்ற கூடுதல் தொகை சேர்வதால். 2024-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அதை நீக்க வழி செய்திருக்கிறது, ஆனால் அந்தப் பிரிவு அமலுக்கு வரும்வரை பழைய கணக்குத்தான். லீஸை நீட்டிக்க இரண்டு ஆண்டு சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் 2025 ஜனவரி 31 அன்று போய்விட்டது. 85 ஆண்டுள்ள ஃப்ளாட்டை ‘இன்னும் நிறைய இருக்கிறதே’ என்று வாங்கினால் ஐந்து ஆண்டில் நீங்கள் அந்தக் கோட்டில் நிற்பீர்கள்.

நிலவாடகை (நிலத்தின் சொந்தக்காரருக்கு ஆண்டுதோறும் கட்டுவது) எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கொருமுறை இரட்டிக்கிறது? 2022 ஜூன் 30 முதல் எழுதிய புதிய லீஸ்களில் பொதுவாக நிலவாடகை இல்லை, பழையவற்றில் உண்டு. வீட்டு விலையின் 0.1 சதவீதத்தை மீறினால் பல வங்கிகள் தயங்கும்.

நிர்வாக நிறுவனத்திடமிருந்து எல்பிஇ1 என்ற விவரக் கட்டு வர வேண்டும். விற்பவர் காசு கட்டித்தான் அதை எடுக்கிறார், பலர் ஆள் கிடைத்த பிறகே கேட்கிறார்கள், வர ஒரு மாதம் ஆகும். விலை பேசிய அன்றே ‘கட்டுக்குக் காசு கட்டியாயிற்றா’ என்று ஏஜென்டைக் கேளுங்கள். அதில் மூன்று ஆண்டு பராமரிப்புக் கணக்கு, சேமிப்பு நிதி, செக்ஷன் 20 அறிவிப்பு மூன்றையும் பாருங்கள். செக்ஷன் 20 அறிவிப்பு என்றால் கூரையோ லிஃப்டோ மாற்றப்போகிறார்கள், பங்கு கேட்பார்கள் என்று அர்த்தம். அந்தத் தொகையை விற்பவரே ஏற்க வேண்டும் அல்லது சொலிசிட்டரிடம் பிடித்து வைக்க வேண்டும் என்று எக்ஸ்சேஞ்சுக்கு முன் எழுத்தில் பேசுங்கள்.

11 மீட்டருக்கு மேல் அல்லது ஐந்து மாடியும் அதற்கு மேலும் என்றால் வெளிச்சுவர் தீப் பாதுகாப்பு ஆவணங்களும், 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி லீஸ்காரர் கொடுக்கும் சான்றும் வேண்டும். சில சொலிசிட்டர்கள் இந்தக் கட்டடங்களை எடுப்பதேயில்லை. ஆளைப் பிடிக்கும்போதே உயரத்தைச் சொல்லுங்கள்.

8. எக்ஸ்சேஞ்ச்

விலை பேசியதிலிருந்து இங்கே வந்து சேர மூன்று, நான்கு மாதம் ஆவது சாதாரணம். கடன் கடிதம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும், தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

விலையில் 10 சதவீதத்தை டெபாசிட்டாகக் கட்ட வேண்டும். உங்கள் சொந்தக் காசு 5 சதவீதம்தான் என்றால் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள், விற்பவர் ஒத்துக்கொண்டால் குறைக்கலாம். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு நீங்கள் பின்வாங்கினால் 10 வேலைநாள் அறிவிப்பு, அதற்கும் கட்டாவிட்டால் டெபாசிட் போய்விடும், மேல் நட்டத்துக்கும் வழக்குப் போடலாம். அந்த நாளிலிருந்து கட்டடத்தின் பொறுப்பு வழக்கமான நிபந்தனைகளின்படி உங்களுடையது. சாவி கையில் இல்லாவிட்டாலும் வீட்டுக் காப்புறுதி அன்றே தொடங்க வேண்டும்.

வேலையை விடுவது, கார் லோன் எடுப்பது எதையும் சாவி வரும்வரை செய்யாதீர்கள். வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பதையும் எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் வீட்டில் வாடகைக்காரர் இருந்தால் அவர் வெளியேறி, நீங்கள் கண்ணால் பார்த்தபின் மட்டும் எக்ஸ்சேஞ்ச்.

அடமானப் பத்திரத்திலும் மாற்றுப் பத்திரத்திலும் கையெழுத்திடும்போது சாட்சி நேரில் பக்கத்தில் இருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் பார்த்துச் சாட்சி போடுவது ஏற்கப்படாது. குடும்பத்தார் சாட்சி போட்டால் பல வங்கிகள் திருப்பி அனுப்பும், அயலவரைக் கூப்பிடுங்கள்.

9. காசு அனுப்பும் நாள்

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று சொலிசிட்டரின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அது திருடனின் மின்னஞ்சல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து காத்திருந்து, டெபாசிட் போகும் வாரத்தில் அனுப்புகிறார்கள். கணக்கு எண்ணைத் தொடக்கத்தில் தபாலில் வந்த கடிதத்திலிருந்து எடுங்கள். பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து எண்களை வாசித்துச் சரிபாருங்கள். ஒரு பவுண் அனுப்பி, வந்து சேர்ந்ததென்று அலுவலகம் வாயால் சொன்னபின் மீதியை அனுப்புங்கள். உங்கள் வங்கியின் ஒருநாள் இணைய வரம்பையும் முன்பே கேளுங்கள், அது 25,000 என்றால் கிளைக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

கம்ப்ளீஷனை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள். காசு மாலைக்குள் சேராவிட்டால் திங்கள்வரை லொறியோடு தெருவில் நிற்க நேரும். செவ்வாயோ புதனோ நல்லது. நல்ல நாள் பார்ப்பவர்கள் பால் காய்ச்சுவதை வெள்ளிக்கு வைத்துக்கொள்ளலாமே, சாவியை முன்பே வாங்கிவிடுங்கள்.

லைஃப்டைம் ஐசாவில் சேமித்தவர்கள் அந்தக் காசை நீங்களாக எடுக்காதீர்கள், 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். சொலிசிட்டர் படிவம் போட்டு எடுக்க வேண்டும். கணக்கில் முதல் காசு போட்டு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், வீட்டு விலை 4,50,000-க்கு மேல் போகக் கூடாது.

10. சாவி வந்த பிறகு

முத்திரை வரிப் படிவமும் காசும் கம்ப்ளீஷனிலிருந்து 14 நாளுக்குள் போக வேண்டும். சொலிசிட்டர் செய்வார், ஆனால் போனதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஊரில்போல் கையில் ஓர் உறுதிப் பத்திரம் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். உரிமை என்பது நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பதுதான். பதிவு சில நாளிலும் முடியலாம், லீஸ் புதிதென்றால் பல மாதமும் ஆகலாம். ஆறு மாதம் கடந்தும் தகவல் இல்லையென்றால் பதிவேட்டின் நகலை 7 பவுண் கட்டி நீங்களே எடுத்துப் பாருங்கள், பெயர் எழுத்துக்கூட்டலையும் சரிபாருங்கள்.

சொலிசிட்டரின் வேலையில் குறை இருந்தால் முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் நிலப் பதிவேட்டில் தொடர்பு முகவரியை உடனே மாற்றுங்கள். மூன்று முகவரிகள் வரை கொடுக்கலாம், ஒன்று மின்னஞ்சலாக இருக்கட்டும். ஆளில்லாத வீட்டைப் போலி அடையாளத்தோடு விற்க முயல்பவர்கள் எதிர்பார்ப்பது, பதிவேட்டின் எச்சரிக்கைக் கடிதம் அந்த வெறும் வீட்டுக்கே போய் விழ வேண்டும் என்பதைத்தான். பதிவேட்டின் ‘ப்ரொபர்டி அலேர்ட்’ சேவையில் வீட்டைச் சேர்த்துவிட்டால் யாராவது தேடவோ மாற்றவோ முயன்றால் மின்னஞ்சல் வரும். பத்து வீடுவரை இலவசம், அதனால் இங்கே தனியாக இருக்கும் அம்மா, அப்பாவின் வீட்டையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.